குடிக்காத முகம்

ஜனவரி 19, திங்கள்

பனி. ஏழு மணிவரை ரோடு தெரியவில்லை. இண்டூர் பக்கத்துப் பால் கேன்கள் எல்லாம் தாமதம்.

இன்று முதல் எழுத வேண்டும். தருமபுரி டாக்டரம்மா உத்தரவு. என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, அப்புறம் உடம்பில் என்ன. மாத்திரை போட்டால் அதுவும். முதல் இரண்டு வாரம் கடும் கட்டு. பிறகு ஒவ்வொரு பண்டமாகச் சேர்த்துப் பார்ப்பது. இதை உறுதியாகக் காட்டுகிற ரத்த டெஸ்ட் எதுவும் கிடையாதாம். எழுதி வைப்பதுதான் டெஸ்ட்.

பெயர்: ஹிஸ்டமின் தாங்காமை. சில சாப்பாட்டில் அந்தச் சரக்கு தானாகவே இருக்கும், சிலதில் நாள்பட நாள்பட ஊறிச் சேரும். குடலில் ஒரு என்சைம் அதை உடைத்துவிட வேண்டும். எனக்கு அது போதவில்லை என்று நினைக்கிறாராம். "நினைக்கிறேன்" என்றுதான் சொன்னார். அந்த ஒரு வார்த்தையை என் மனைவி சாந்தி வீடு வரும்வரை விடவில்லை.

"டாக்டருக்கே தெரியலைங்கிறாங்க. நீங்க மட்டும் கரெக்டா சொல்றீங்க."

சுருக்கம்: சி = முகம் சிவப்பு. அ = அரிப்பு. த = தலைவலி. வ = வயிற்றுப்போக்கு.

கூடாதவை: தக்காளி, கத்தரி, பசலை. தயிர், மோர். புளித்த மாவு (இட்லி, தோசை போச்சு). ஊறுகாய். கருவாடு. நேற்று வைத்த எதுவும். மது எல்லா வகையும்.

கடைசியைப் படித்தபோது டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார். சாந்தி என்னைப் பார்த்தாள்.

பின்குறிப்பு: ஒன்றரை ஏக்கர் தக்காளி போட்டிருக்கிறேன். நல்ல கூத்து.

ஜனவரி 20, செவ்வாய்

கா 8.00: ராகிக் களி, பாசிப்பருப்புக் கடைசல். ஒன்றுமில்லை.
ம 1.30: சோறு, சுரைக்காய்க் கூட்டு. ஒன்றுமில்லை.
இ 7.30: கோதுமை உப்புமா. லேசாக அ, முழங்கையில். உப்புமாவாலா, தக்காளிச் செடிக்கு மருந்து அடித்ததாலா தெரியாது.

பால் சங்கத்தில் பச்சியப்பன், கேனை வைத்துக்கொண்டே: "இன்னைக்கு முகம் தெளிவா இருக்குதுங்களே செகரட்டரி." பின்னால் நின்றவன்: "வெயிலு இன்னும் ஏறலியேப்பா." சிரிப்பு.

ஒரு வருஷமாக இந்தச் சிரிப்பு. முகம் சிவக்கிறது, கண் சிவக்கிறது, காது எரிகிறது, சில நாள் நடை தள்ளாடுகிறது. பார்க்கிறவனுக்கு வேறென்ன தோன்றும்? பதினைந்து வருஷம் குடித்தவன் நான். மகள் திவ்யா பட்டம் வாங்கிய அன்று காலேஜ் மண்டபத்து வாசலிலேயே வாந்தி எடுத்தேன். அதுதான் கடைசி. இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் பிராந்தி வாசனைகூட முகர்ந்ததில்லை. அதை ஊர் நம்பாது, சரி. வீடும் நம்பவில்லை.

பாலில் தண்ணீர் கலந்தால் காட்ட என் மேசையில் கருவி இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷனில் போய் ஊதிக் காட்டட்டுமா என்று ஒருநாள் கேட்டேன். "இருக்கற மானமும் போவட்டும்" என்றாள் சாந்தி.

ஜனவரி 22, வியாழன்

கா, ம, இ: களி, சோறு, களி. பீர்க்கங்காய், பீர்க்கங்காய், பாசிப்பருப்பு. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை.

மூன்று வேளையும் புதிதாகச் சமைக்க வேண்டும். சாந்தி கரண்டியைப் போட்ட சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும்.

"ஒரு குழம்பு வச்சா ரெண்டு நாளைக்கு சூடு பண்ணி ஊத்துவேன். எல்லா வூட்லயும் அப்டித்தான். இங்க மட்டும் என்ன ஓட்டலா நடக்குது?"

அவள் சொல்வதிலும் தப்பில்லை. காலையில் மாடு, பகலில் தக்காளி பறிப்பு, நடுவில் எனக்குத் தனி அடுப்பு. நானே வைத்துக்கொள்கிறேன் என்று பாத்திரத்தை எடுத்தேன். பிடுங்கிக்கொண்டாள். அதற்கும் ஒரு சண்டை.

டிராக்டருக்கு டீசல். திவ்யா போனுக்கு ரீசார்ஜ்.

ஜனவரி 24, சனி

ம 1.00: நாட்டுக்கோழி. அறுத்து ஒரு மணி நேரத்தில் அடுப்பில். தக்காளி இல்லாமல், மிளகு போட்டு. நான்கு துண்டு. ஒன்றுமில்லை! மாலைவரை காத்திருந்தேன். ஒன்றுமே இல்லை.

ஆறு நாளில் ஒருநாள்கூட சி இல்லை. வயிறு லேசாக இருக்கிறது. எனக்கு ஐம்பத்தொரு வயது என்பது இன்று மறந்துபோயிருந்தது.

ஜனவரி 25, ஞாயிறு

ம 1.15: அதே கோழி. மிச்சம் ஃபிரிட்ஜில் இருந்தது. சாந்திக்குத் தலைவலி, இன்னொரு தடவை சமைக்கச் சொல்ல மனம் வரவில்லை. நன்றாகக் கொதிக்கவைத்துத்தான் சாப்பிட்டேன்.
1.55: காது எரிச்சல்.
2.05: சி. அ, கழுத்து, மார்பு. த. நெஞ்சு படபடப்பு.
4.30: வ. இரண்டு தடவை.

சிவந்த முகத்தோடு வாசலுக்கு வந்தேன். சாந்தி கிட்டே வந்து நின்றாள். "ஊதுங்க."

ஊதினேன். கோழி வாசனைதான் வந்திருக்கும். அவளுக்கு அது போதவில்லை.

"நேத்து தின்னப்ப ஒண்ணும் ஆவல. இன்னைக்கு ஆவுது. அதே கோழி, அதே சட்டி. கோழியா மாறிப்போச்சு?"

மாறித்தான் போச்சு என்று சொன்னேன். வைக்க வைக்க ஹிஸ்டமின் சேரும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், இது சாகாது. டாக்டர் கொடுத்த காகிதத்தில் இருக்கிறது, எடுத்துக் காட்டினேன்.

"கொதிக்க வச்சும் சாவாதது ஒண்ணு இருக்குதாம். நல்லா கண்டுபுடிச்சீங்க."

இந்த நோயின் கேடே இதுதான். ஒருநாள் வரும், ஒருநாள் வராது. ஒரு குடம் மாதிரி என்று டாக்டரம்மா சொன்னார், பாதிக் குடத்தில் எதை ஊற்றினாலும் தெரியாது, நிறைந்த குடத்தில் ஒரு சொட்டும் வழியும் என்று. வெளியிலிருந்து பார்த்தால் பொய் சொல்கிறவனின் கதை மாதிரியேதான் இருக்கிறது. நானே சாந்தியாக இருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

திவ்யா மட்டும் போனில் தேடிப் படித்துவிட்டு வந்து சொன்னாள்: "அம்மா, அப்பா சொல்றது நெசம்தான். போட்டிருக்குது."

ஜனவரி 28, புதன்

கா: களி. ம: சோறு, புடலங்காய். ஒன்றுமில்லை.

மாதேஷ் வந்தான். சாந்தியின் தம்பி. கடத்தூர் சம்பந்தம் அவன் கொண்டுவந்ததுதான். பையன் ஓசூரில் கம்பெனி வேலை. கார்த்திகையில் வந்து பெண் பார்த்தார்கள், ஜாதகம் பொருந்திவிட்டது. திவ்யாவும் அந்தப் பையனும் தினமும் போனில் பேசுவது எனக்குத் தெரியாது என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"வர்ற புதன்கிழமை கை நனைக்க வரச் சொல்லிட்டாங்க மாமா."

அதுவரை அவர்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டோம். சம்மதம் என்றால் அன்று இலை போட்டுச் சாப்பிட வேண்டும். சாப்பிட்டு எழுந்தால் முடிவான மாதிரி. பெண்ணைப் பெற்றவன் சாப்பிடாமல் எழுந்தால் வேண்டாம் என்று அர்த்தம்.

நான் சாந்தியைப் பார்த்தேன். அவள் மாதேஷுக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

மதியம் வீட்டில் மற்றவர்களுக்குக் கத்தரிக்காய் வறுவல். சாப்பிட்டு எழுந்த திவ்யா கழுத்தைச் சொறிந்துகொண்டே இருந்தாள். என்னம்மா என்றேன். "கொசுப்பா."

ஜனவரி 31, சனி

டாக்டரம்மாவுக்குப் போன். விருந்துக்குப் போக வேண்டும் என்றேன். முடிந்தவரை தவிர்க்கச் சொன்னார். முடியாது என்றால் அரிப்பு மாத்திரை ஒன்று, ஒன்றே ஒன்று, முன்னாடியே. தூக்கம் வரும், வண்டி ஓட்டக் கூடாது. முழுசாகத் தடுக்கும் என்று நம்ப வேண்டாம். மூச்சு இழுத்தாலோ தொண்டை அடைத்தாலோ நேரே ஆஸ்பத்திரி.

இலையில் தொடலாம்: சோறு, பருப்பு, நெய், பாயாசம், அப்பளம், பீன்ஸ் பொரியல்.
தொடக் கூடாது: சாம்பார், ரசம், தயிர், ஊறுகாய்.
அதாவது சோற்றை மட்டும் தின்றுவிட்டு வர வேண்டும்.

முன்கூட்டியே சம்பந்தி வீட்டில் சொல்லிவிடலாமா என்று கேட்டேன். மாதேஷ் பதறிவிட்டான். "சம்பந்தியம்மா பக்கத்துலயே நின்னு பரிமாறும் மாமா. எதையும் ஒதுக்காதீங்க. ஒரு நாள் தானுங்களே."

சாந்தி: "கல்யாணம் முடியட்டும். அப்புறம் சொல்லிக்கலாம்."

பிப்ரவரி 4, புதன்

மாலை ஆறு. படுத்தபடியே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

கா 7.30: களி. 10.45: மாத்திரை இரண்டு. ஆமாம், இரண்டு. ஒன்று போதாது என்று நானாகவே முடிவு செய்தேன். புத்தி கெட்ட வேலை.

ம 12.40: இலை. சோறு, பருப்பு, நெய் முதலில். நான் பாட்டுக்கு அதிலேயே காலம் தள்ளிக்கொண்டிருந்தேன். சம்பந்தியம்மா வந்து நின்றார். "எங்க காட்டுல காச்ச கத்திரிங்க" என்று சாம்பாரை ஊற்றினார், கத்தரியாகப் பார்த்துப் பார்த்து. பிறகு தக்காளி ரசம். பிறகு வடுமாங்காய். பிறகு தயிர், கட்டியாக. எதிரே பையனின் அப்பா முனிரத்தினம், பக்கத்தில் அவர் தம்பி, எல்லோர் கண்ணும் என் இலையில். சாப்பிட்டேன். ஒன்றுவிடாமல். ருசியாகத்தான் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். ஒரு வருஷமாகப் பயந்து பயந்து தொட்ட கத்தரி.

1.10: காது. 1.15: சி. சாதாரண சி இல்லை, கண்ணுக்குள்வரை. அ. கை கழுவ எழுந்தேன், தரை சாய்ந்தது. தூணைப் பிடித்துக்கொண்டேன்.

மாத்திரை வேறு நாக்கைக் கட்டிவிட்டது. "சாப்பாடு ரொம்ப நல்லா இருந்துச்சுங்க சம்பந்தி" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பாதி வார்த்தை வழுக்கிக்கொண்டு வந்தது. முனிரத்தினம் முகம் மாறியதைப் பார்த்தேன். மாப்பிள்ளைப் பையன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுடைய சித்தப்பா வாசலில் யாரிடமோ, குரலைத் தாழ்த்தாமலே: "வரும்போதே ஏத்திட்டு வந்துட்டாரு போல."

சாந்தி என் முழங்கையைப் பிடித்துக் காரில் ஏற்றினாள். மூச்சுத் தொந்தரவு இல்லை. உதடு தடிப்பு. வ, நான்கு தடவை.

திவ்யா வீட்டு வாசலிலேயே நின்றிருந்தாள். "என்னப்பா ஆச்சு?" உள்ளே போய்ப் படுத்தேன்.

பிப்ரவரி 5, வியாழன்

கா: கஞ்சி, உப்பு. முகம் வீங்கியிருக்கிறது. சங்கத்துக்குப் போகவில்லை.

சாந்தி கஞ்சிக் கிண்ணத்தோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நேத்து காலையில எந்திரிச்சதுலேர்ந்து நான் உங்க கூடவேதான் இருந்தேன். கார்ல, அவங்க வூட்ல. கண்ண எடுக்கல. நீங்க கெடுத்துப்புடுவீங்கன்னு பயந்து காவல்தான் இருந்தேன்."

கிண்ணத்தை என் கையில் வைத்தாள்.

"நெசமாவே நோவுதானுங்களா?"

அழுதுவிட்டேன். வெட்கம் இல்லாமல் இங்கே எழுதுகிறேன். பொண்டாட்டி நம்பிவிட்டாள் என்று ஒரு ஆம்பிளை குலுங்கிக் குலுங்கி அழுதான். அவளும் அழுதாள். "இத்தன நாளா வாய மோந்து மோந்து பாத்தனே" என்றாள்.

ம: கேட்காமலே புதிதாகச் சோறு, சுரைக்காய். ஒன்றுமில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

தக்காளி பறிப்பு, முப்பது கூடை. வெயில் இப்போதே சுடுகிறது.

மாதேஷ் கடத்தூரிலிருந்து நேரே இங்கே வந்தான். உட்காரவில்லை.

"அவங்க கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான் மாமா. குடியா, வியாதியா? குடின்னா பேசிக்கலாமாம். வியாதின்னா யோசிக்கணுமாம்."

சிரிப்பு வந்தது. வியாதிதான், காகிதம் இருக்கிறது, இந்த நோட்டும் இருக்கிறது, கொண்டுபோய்க் காட்டு என்றேன். நோட்டை வாங்கி நின்றபடியே நாலு பக்கம் படித்தான். திருப்பிக் கொடுத்துவிட்டான்.

"இத காட்டுனா அதோட முடிஞ்சுது. சோத்துல பாதி ஆவாது. டெஸ்டு கெடையாது. டாக்டருக்கே சந்தேகம். நாளைக்கு பொண்ணுக்கும் வருமான்னு கேப்பாங்க, என்ன சொல்லுவீங்க?"

வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டரம்மா சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. சொல்லவில்லை.

சாந்தி அடுப்படியிலிருந்து வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், ஈரம் போன பிறகும்.

"குடிச்சேன்னே சொல்லிடுங்க."

நான் அவளையே பார்த்தேன்.

"ஊர்ல எவன் குடிக்கல? அப்பன் குடிச்சா பொண்ணுக்கு என்ன? நோவுன்னா அப்டி வுடுவாங்களா? அவளுக்கும் கழுத்துல வருதுங்க. தடிப்பு தடிப்பா. எங்கிட்ட மறைக்கிறா, நான் பாத்துட்டேன்."

நேற்றுதான் நம்பினாள். இன்று இதைக் கேட்கிறாள். கோபப்பட முயற்சி செய்தேன், வரவில்லை. அவள் சொன்னதில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

ம: சாப்பிடவில்லை. இ: பாதி களி.

பிப்ரவரி 7, சனி

கா: களி. ஒன்றுமில்லை.

திவ்யாவைத் தக்காளிக் காட்டுக்கு அழைத்துப்போனேன். வரப்பில் உட்கார்ந்தோம். நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியலப்பா."

காய்ந்த இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கழித்து: "அவரு மூணு நாளா போனே எடுக்கல."

கழுத்துப் பக்கம் துப்பட்டாவைச் சுற்றியிருந்தாள், இந்த வெயிலில். எடு, பார்க்கிறேன் என்றேன். எடுக்கவில்லை. டாக்டரம்மாவிடம் உன்னையும் காட்டிவிடலாம் என்றேன். "கல்யாணத்துக்கு அப்புறம்" என்றாள். அம்மா குரல் அப்படியே.

11.20: முனிரத்தினத்துக்குப் போன். சாந்தியும் மாதேஷும் பக்கத்தில். ஸ்பீக்கரில் போடச் சொன்னார்கள்.

"மன்னிச்சுக்கோங்க சம்பந்தி. அன்னைக்கு குடிச்சிருந்தனுங்க."

இவ்வளவு சுலபமாக வரும் என்று நினைக்கவில்லை. பதினைந்து வருஷம் குடித்துவிட்டு இல்லை என்று சொன்ன வாய்.

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. பிறகு சிரிப்பு. "அட, அவ்வளவுதானுங்களா! நான் ஏதோ வலிப்பு கிலிப்புன்னு பயந்தே போயிட்டனுங்க. எங்க தம்பி குடிக்காத குடியா? முனியப்பன் கோயில்ல கயிறு கட்டுனோம், வுட்டுட்டான். நாளைக்கே வாங்க, உங்களுக்கும் கட்டிடலாம். எங்க வூட்டுக்காரி அத ஒண்ணுதான் கேக்கறா. பொண்ணையும் கூட்டிட்டு வாங்க, அங்கியே நிச்சய தேதி பேசிடலாம்."

நல்ல மனுஷர். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு மணிக்குத் திவ்யாவின் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். சிரிக்கிற சத்தம்.

பிப்ரவரி 8, ஞாயிறு

மதியம் மூன்று. கோயிலிலிருந்து வந்தாயிற்று.

கா 7.00: களி, பாசிப்பருப்பு. ஒன்றுமில்லை. கண்ணாடியில் பார்த்தேன், முகம் சுத்தமாக இருந்தது. மாதேஷ் காரில் வரும்போது சொன்னான்: "இன்னிக்கு கொஞ்சம் சிவந்திருந்தா பொருத்தமா இருந்திருக்கும் மாமா." தமாஷாம்.

கோயிலில் இன்னும் இரண்டு பேர் கயிறு கட்ட உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் நடுங்கிக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அந்த நடுக்கம் எனக்குத் தெரியும். அவன் பக்கத்தில் உட்காரவே எனக்குக் கூசியது.

முனிரத்தினம், சம்பந்தியம்மா, பையன். இந்தப் பக்கம் சாந்தி, மாதேஷ், திவ்யா. பூசாரி கற்பூரம் ஏற்றிவிட்டு மஞ்சள் கயிற்றை எடுத்தார். என் வலது கையைப் பிடித்தார்.

"கடைசியா எந்தக் கெழம குடிச்சேன்னு சாமிகிட்ட வாய்விட்டு சொல்லணும். அன்னிலேர்ந்துதான் கணக்கு. இங்க நின்னு பொய் பேசக் கூடாது."

போனில் முனிரத்தினத்திடம் தடுக்கி விழாமல் சொன்னேன். இங்கே வாய் திறக்கவில்லை. மேலே முனியப்பன் கண்ணை உருட்டிக்கொண்டு நிற்கிறார். பூசாரி கயிற்றைப் பிடித்தபடி காத்திருந்தார். சம்பந்தியம்மா முனிரத்தினத்தைப் பார்த்தார். சாந்தி என்னங்க என்று முணுமுணுத்தாள்.

நான் திரும்பித் திவ்யாவைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். பிறகு பூசாரியைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அவள்தான் சொன்னாள்.

"போன புதன்கெழமைங்க சாமி."